ஆண்பூ பறித்த நோம்பி

அறுபதைத் தாண்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வயதுப் பெண்டுகளே, ஒரு கேள்வி. நம்மில் எத்தனை பேர் கட்டைவிரல் நகத்தை வளர்த்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறோம்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கரிசல்மண் பக்கம் பிறந்தவர்கள் நாலைந்து பேராவது தூக்குவீர்கள். நான் இரண்டு கையையும் தூக்குவேன். எனக்கு இரண்டிலும் விழுந்தது.

அழகுக்கு வளர்த்த நகம் இல்லை அது, பருத்திக்கு வளர்த்த நகம். எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், எனக்குப் பத்து வயது. அந்த ஒரு பருத்திப் பட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். நீங்களாவது கேட்பீர்கள்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். கிணற்றுத் தண்ணீரில் சோளமும் ராகியும், விற்கக் கொஞ்சம் கடலையும் போடுவோம். சோளம் எங்கள் வயிற்றுக்கு, சோளத்தட்டு மாட்டுக்கு. மாடு என்றால் அப்பாவின் ஒற்றைக் காளையும் அம்மாவின் எருமையும். காளை ஏன் ஒற்றை என்றால், அது ஒரு கூத்து. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது உழவுமாட்டு ஜோடி யாருக்கு என்று தகராறு வந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு காளையாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் இரண்டு பேருமே உழுவதற்கு ஊரில் ஜோடி மாடு இரவல் கேட்டு நின்றார்கள்! இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரே வந்தால் ஒருவர் வேலியைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

எருமைதான் எங்கள் வீட்டின் ராணி. வளைந்த கொம்பு, ஈரமான மூக்கு, கோபம் வந்தால் வாலால் நம் கன்னத்தில் ஒன்று. நான் அதன் முதுகில் படுத்துக்கொண்டு வாய்ப்பாடு படித்திருக்கிறேன். அதன் தயிர் பஸ் நிற்கும் இடத்து டீக்கடைக்குப் போகும், வெண்ணெய் வாத்தியார் வீட்டுக்குப் போகும். அப்பாவின் கடலைக்காசு வருடத்துக்கு ஒரு தடவை வந்து, உரக்கடைக்குள் நுழைந்து காணாமல் போய்விடும். உப்பு, எண்ணெய், சீயக்காய், என் சிலேட்டு, ரிப்பன், கோயமுத்தூர் போகிற பஸ் சார்ஜ் எல்லாம் எருமை வாங்கிக் கொடுத்தது. இதை அப்பா "சில்லறைச் சமாசாரம்" என்பார். அம்மா தயிர் கடைந்துகொண்டிருப்பாள்.

அந்த ஆவணியில் கோயமுத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு விதைக்காரர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, தோளில் தோல்பை. ஊரே கூடிவிட்டது. பருத்தி போடச் சொல்லி வரவில்லை, பருத்தி விதை செய்து தரச் சொல்லி வந்திருந்தார். இரண்டு ஜாதிப் பருத்தியைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, ஒன்றின் பூம்பொடியை எடுத்து மற்றதன் பூவில் கையாலேயே தடவ வேண்டுமாம். அப்படிக் காய்த்த காயின் விதைக்குச் சாதாரணப் பருத்தியைப்போலப் பல மடங்கு விலையாம்.

"கையால தடவறதா? அதுக்குத்தான் தேனீ இருக்குதுங்களே!" என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"தேனீ கண்ட பூவுல உக்காந்துட்டு வருமுங்க. நமக்குச் சுத்தம் வேணும்" என்றார் அவர். பிறகு ஒரு கண்டிப்பும் போட்டார். பேசிய எடைக்கு ஒரு மூட்டை குறைந்தாலும் மொத்தத்தையும் எடுக்க மாட்டார். கலப்பு இருந்தாலும் எடுக்க மாட்டார்.

ஊரில் இரண்டு பேருக்குத்தான் விதை, இரண்டு பேருக்கும் ஒரே ஜாதி. பெரியப்பா ஒப்புக்கொண்டதாகக் காதில் விழுந்த நிமிடமே அப்பா ஒப்புக்கொண்டார். அப்பா ஒப்புக்கொள்வார் என்று பயந்துதான் பெரியப்பா முந்திக்கொண்டார் என்பது பின்னால் தெரிந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள். "ஏனுங்க, தோட்டம் பூராத்துக்கும் பருத்தின்னா சோத்துக்கு என்னுங்க பண்றது? எருமைக்குத் தட்டு?"

"ஒரு வருசம் பொறுத்துக்க புள்ள. போன வருசத்துத் தட்டுப்போரு இருக்குதல்ல? சோளத்தைக் கடையில வாங்கிக்கலாம்."

"பருத்தி கைவிட்டுட்டா?"

"கைவிட்டுட்டா எருமையச் சந்தைக்கு ஓட்டிச் சோளம் வாங்கிப் போட்டர்றேன், போதுமா?" என்று அப்பா சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பருத்தி ஜெயித்தால் எருமை நிற்கும், தோற்றால் எருமை போகும். பத்து வயது மண்டையில் அது ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பருத்திக்கு என்னைவிடப் பெரிய காவல்காரி கிடையாது.

மழை தள்ளிப்போய் ஐப்பசியில்தான் விதைத்தோம். ஒரு சாண் இடம் விடவில்லை அப்பா. கிழக்கு வரப்போரம் வரிசையாக நின்ற ஆவாரஞ்செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பொடி கொடுக்கும் ஆண்செடி வரிசைகளை வைத்தார். உள்ளே முழுக்கக் காய் பிடிக்கும் பெண்செடி. பெண்செடிப் பூ வெளிர் சந்தன நிறம், சாது. ஆண்செடிப் பூ இருக்கிறதே, பளீரென்று மஞ்சள்! இதழின் அடியில் குங்குமம் வைத்ததுபோல ஒரு சிவப்பு. மார்கழியில் அது பூத்து நின்றபோது பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்.

வேலை என்ன தெரியுமா? சாயங்காலம் நாலு மணிக்கு இறங்க வேண்டும். மறுநாள் விரியப்போகும் பெண்செடி மொட்டைக் கண்டுபிடித்து, கட்டைவிரல் நகத்தை அடியில் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினால், இதழும் அதன் பூம்பொடியும் தொப்பிபோலக் கழன்று வரும். நடுவில் சூல்தண்டு மட்டும் நிற்கும். அதன்மேல் சிவப்புக் காகிதப் பை மாட்ட வேண்டும். மறுநாள் வெயில் ஏறியதும் ஆண்பூவைப் பறித்து வந்து, பையை எடுத்துவிட்டு, தண்டில் பொடியைத் தடவி, காம்பில் நூல் கட்ட வேண்டும். உச்சிக்குள் முடிக்காவிட்டால் பூ செத்தது. நகம் ஆழமாகப் பட்டாலும் செத்தது. ஆண்கள் விரல் தடிமன், அதற்கு ஆகாது. எங்கள் விரல்தான் ஆகும்!

ஊர்ப் பெண்பிள்ளைகள் பதினைந்து பேர் கூலிக்கு வந்தார்கள். அதற்குமுன் யாருக்கும் கையில் சொந்தக் காசு கிடையாது. இப்போது சனிக்கிழமை சனிக்கிழமை வளையல்காரர் எங்கள் ஊரைத் தேடிக்கொண்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நூல் கட்டும்போது கேலிக்குக் குறைவில்லை. "அடியே, மாப்பிள்ளை மஞ்சச் சட்டை போட்டு நிக்கிறான், சீக்கிரம் தாலியைக் கட்டு!" என்பாள் என் மாமன் மகள். அவள் எங்களில் பெரியவள், பதினாலு வயது, வாய் மட்டும் நாற்பது.

பள்ளிக்கூடத்தில் ஒரு மலையாள டீச்சர். திங்கட்கிழமை நகம் பார்ப்பார். பெஞ்சின்மேல் கையை நீட்டினேன். கட்டைவிரல் இரண்டிலும் கோழி அலகுபோல நகம், அதன் இடுக்கில் மஞ்சள் பொடி.

"எந்தா இது? நகமோ, கத்தியோ?"

"பருத்திக்குங்க டீச்சர்."

பின்னால் பார்த்தால் வகுப்புப் பெண்பிள்ளைகள் பாதிப்பேருக்கு அப்படித்தான். டீச்சர் பாவம், எங்களைத் திருடக் கிளம்பிய கும்பல் என்று நினைத்தாரோ என்னவோ, ஆளுக்கு இரண்டு கொடுத்தார். வீட்டுக்கு வந்து நகத்தை வெட்டட்டுமா என்றதற்கு அப்பா பதறிப்போனார். "அடி வாங்குனா வாங்கிக்க அம்மிணி, நகத்த மட்டும் வெட்டிப்போடாத!"

நடுவில் மார்கழிக் கடைசியில் நான்கு நாள் எதிர்பாராத மழை. தடவிய பூவெல்லாம் நனைந்து உதிர்ந்தது. விதைக்காரர் வந்து செடி செடியாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நனைஞ்ச பொடி உசுரில்லாத பொடிங்க. இனி ரெண்டு வாரம் செடி நெறையப் பூக்கும். ஒரு நாள் விட்டாலும் எடை சேராது. அப்பறம் என்னைக் கொறை சொல்லாதீங்க." அப்பா அன்று தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா கட்டுத்தரைக்குப் போய் எருமையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். 

பொங்கல் வந்தது. மாட்டுப்பொங்கலன்று அப்பா சத்தம் போட்டு அறிவித்தார், "நாளைக்கு நோம்பி. புள்ளைகளுக்கு வேலை கெடையாது!" மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. நம் பக்கத்தில் அதுதான் பெண்பிள்ளைகளின் நாள். கூடையில் கரும்பும் முறுக்கும் வைத்துக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றிப் பூப்பறித்து, கும்மியடித்து, பிள்ளையாருக்குக் கொண்டுவந்து கொட்டுவோம். அன்றைக்கு யார் தோட்டத்திலும் நுழையலாம். பூப்பறிக்க வந்த பிள்ளையைப் போ என்று சொன்னால் அந்தத் தோட்டத்துக்கு ஆகாது என்பது ஊர் வழமை.

நான் மாட்டுப்பொங்கல் பூராவும் எருமையோடு கிடந்தேன். வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்குக் காவி பூசி, கழுத்தில் மாலை போட்டு, அது மாலையைத் தின்றுவிட, இன்னொரு மாலை கட்டி, ஒரே அமர்க்களம். அந்தச் சாயங்காலம் அம்மாவும் நாலைந்து பெண்டுகளும் சத்தமில்லாமல் தோட்டத்துக்குப் போய் நூற்றுக்கணக்கில் மொட்டுத் திறந்து பை மாட்டிவிட்டு வந்தது எனக்குத் தெரியாது. வேலை இல்லையென்று அப்பா சொன்னது பிள்ளைகளுக்குத்தான், பூவுக்கு இல்லை. இதை யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நோம்பியன்று காலையில் நாங்கள் இருபது பேர். புதுப் பாவாடை சரசரக்க, நேராக எங்கள் தோட்டத்துக் கிழக்கு வரப்புக்கு ஓடினோம். வருடா வருடம் அங்கேதான் முதல் பூ. ஆவாரம்பூ அங்கே மஞ்சமஞ்சேரென்று நிற்கும். போய்ப் பார்த்தால் ஆவாரை இல்லை. அப்பாதான் பிடுங்கிவிட்டாரே! ஆனால் அதே இடத்தில், அதே வரிசையில், அதைவிடப் பளபளப்பாக மஞ்சள் பூ நிற்கிறது. குங்குமப் பொட்டு வேறு.

"பறிக்கலாமாடி?" என்றாள் மாமன் மகள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தோட்டம், என் வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "இது ஆண்செடி, இதுல காய் எடுக்க மாட்டாங்க. இன்னிக்கு வேலையும் இல்ல. பறிங்கடி!" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, இருபது பேரும் பாய்ந்துவிட்டார்கள். பூ மட்டும் பறித்தால் பரவாயில்லை, ஆவாரையைப் பறிக்கிற பழக்கத்தில் கொப்புக் கொப்பாக ஒடித்தார்கள். மொட்டோடு, பிஞ்சோடு. வாடக் கூடாதென்று கூடையோடு வாய்க்கால் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். நானும் முக்கினேன். என் கூடைதான் ரொம்ப அழகு என்று நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அப்போது அம்மா வந்தாள். கையில் நூல்கண்டு, பின்னால் பெண்டுகள். வரப்பில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசையைப் பார்த்தாள். எங்கள் கூடைகளைப் பார்த்தாள். ஓடிவந்து என் கூடையில் கையை விட்டாள். தண்ணீர் சொட்டியது.

"நனைச்சுட்டீங்களா? எல்லாத்தையுமா?"

"ஆமாங்மா."

"நேத்துத் தொறந்த மொட்டு அத்தனையும் உள்ள காத்துக் கெடக்குதேடி!"

திரும்பிப் பார்த்தேன். பெண்செடிகளின்மேல் சிவப்புப் பை, சிவப்புப் பை, கண்ணுக்கு எட்டிய வரை சிவப்புப் பை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எருமை மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்பா வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஒடிந்த செடி ஒன்றைத் தடவிக்கொண்டு, "இன்னிக்குப் போச்சு. இன்னும் ஒரு வாரத்துக்கு இந்தச் செடியில பூவில்ல. முடிஞ்சுது" என்றார்.

கூட வந்த பெண் ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள். "ஏனுங்க, உங்க அண்ணன் தோட்டத்துல ஆண்பூ பூத்துக் கெடக்குதுங்க. அவிய நோம்பிக்கு வேலைய நிறுத்திட்டாங்க. அந்தப் பூ வீணாத்தான் போகும். ஒரு வார்த்தை கேட்டா..."

"அவங்கிட்டயா? அவங்கிட்டப் போயி நிக்கறதுக்கு எருமையச் சந்தைக்கு ஓட்டிப்போடலாம்!"

பாருங்கள், மறுபடியும் எருமை! கோபம் வந்தால் அவருக்கு வேறு சொத்தே ஞாபகம் வராது.

அம்மா வெயிலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள். "ஏம்புள்ளைகளா, நோம்பி இன்னும் முடியலையே? இங்கயே நின்னா எப்படி? மேக்கால தோட்டத்துலயும் போயிப் பூப்பறிச்சுட்டு வாங்க. யாரு வேண்டாம்கறாங்க?" குரலை இறக்கி என் காதில் மட்டும், "நனைச்சே, தோலை உரிச்சுப்போடுவேன். ஓடு" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். வானத்தைப் பார்த்தார்.

ஓடினோம் பாருங்கள்! பெரியப்பா தோட்டம் ஊருக்கு மேற்கே அரை மைல். வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் இருபது பாவாடைகள் பறக்கின்றன, கூடையில் இருந்த நனைந்த பூவை வழியெல்லாம் கொட்டிக்கொண்டே ஓடுகிறோம், கரும்பு ஒரு பக்கம் விழுகிறது, முறுக்கு ஒரு பக்கம் உடைகிறது, ஒருவரும் குனியவில்லை. கிளுவை முள்ளில் என் புதுப் பாவாடை டர்ரென்று கிழிந்தது. அழக்கூட நேரமில்லை.

பெரியப்பா கிணற்றுமேட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சள், மஞ்சள், அத்தனையும் மஞ்சள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"என்ன அம்மிணி?"

"பூப்பறிக்க வந்தோமுங் பெரியப்பா."

"ஆவாரை அந்த வேலியோரம் நிக்குது, போயிப் பறிங்க."

"இந்தப் பூத்தானுங்க வேணும்."

அவர் கண் என் கிழிந்த பாவாடைக்குப் போனது, அங்கிருந்து என் கட்டைவிரல் நகத்துக்குப் போனது. வெற்றிலை மெல்வது நின்றது. "உங்கப்பன் அனுப்பிச்சானா?"

பொய் சொல்லலாம். வரவில்லை. "இல்லீங்க. அம்மாதானுங்க. எங்க ஆண்பூவெல்லாம் நான்தான் தெரியாமப் பறிச்சு நனைச்சுப்போட்டேன். பருத்தி போனா எருமையை வித்துப்போடுவாங்க பெரியப்பா!" சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

 பெரியப்பா மீசையை நீவிக்கொண்டு கேட்டார். "பூப்பறிக்கிற நோம்பின்னா கும்மியடிக்காம பறிக்கற வழமை உண்டா?"

கும்மியா! வெயில் உச்சிக்கு ஏறுகிறது, அங்கே ஆயிரம் பூ செத்துக்கொண்டிருக்கிறது, இந்த மனிதருக்குக் கும்மி வேண்டுமாம்! மாமன் மகள் என்னைக் கிள்ளினாள். வட்டம் போட்டோம். அடித்தோம். அப்படியொரு கும்மியை அந்த ஊர் பார்த்திருக்காது. பாட்டு ஒரு பக்கம் ஓட, கால் அதற்கு முன்னால் ஓட, கைகள் மட்டையடி அடிக்கின்றன.

"மெதுவா, மெதுவா! நாயி தொரத்தற மாதிரி அடிக்கறீங்க. மூணு சுத்து முடியோணும்" என்றார் பெரியப்பா, சிரிப்பை அடக்க முடியாமல்.

மூன்றாவது சுற்று முடிந்த அடுத்த நொடி பாய்ந்தோம். "கொப்ப ஒடிக்காதீங்க! பூ மட்டும்! காம்பப் புடிச்சுக் கிள்ளுங்க!" என்று அவரே ஓடி ஓடிச் சொன்னார், அவரே ஒரு கூடையில் பறித்தும் போட்டார். நாங்கள் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "அம்மிணி! எங்களுக்குப் போகவும் பூ மிஞ்சும். எங்க தோட்டத்துல நோம்பி ஏழு நாளைக்கு. உங்க ஊட்டுல சொல்லீரு."

எந்த ஊரில் பூப்பறிக்கிற நோம்பி ஏழு நாள் நடந்தது? எங்கள் ஊரில் நடந்தது!

திரும்பி வந்து சேர்ந்தபோது அப்பா வரப்பிலேயே நின்றிருந்தார். எங்கிருந்து என்று கேட்கவில்லை. கூடையை வாங்கி ஒரு பூவை எடுத்து, விரலில் தட்டிப் பொடி உலர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. "எறங்குங்க!" என்று கத்தினார். பெண்டுகள், பிள்ளைகள், அம்மா, நான், அப்பாவின் தடித்த விரல்கூட, எல்லோரும் இறங்கினோம். பையைக் கழற்று, தடவு, நூலைக் கட்டு. பையைக் கழற்று, தடவு, நூலைக் கட்டு. சூரியன் தலைக்கு நேரே வந்தபோது கடைசி வரிசையில் இருந்தோம். யாரோ குலவை போட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியதில் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை.

ஏழு நாளும் காலையில் நான் கூடையோடு மேற்கே போனேன். ஏழு நாளும் பெரியப்பா கும்மி கேட்டார். தனியாகப் போனால்கூட ஒரு சுற்று ஆடிக்காட்ட வேண்டும். ஆறாம் நாள் அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கூடையில் வைத்தார். "பூப்பறிக்கப் போறவ வெறுங்கையோட போகாத" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. பெரியப்பாவும் யார் கொடுத்தது என்று கேட்கவில்லை, ஆனால் ஒரு பழத்தை அங்கேயே உரித்துத் தின்றார்.

பருத்தி ஜெயித்தது. சும்மா இல்லை, ஊரே வாயைப் பிளக்கும்படி ஜெயித்தது. நூல் கட்டிய காய் ஒவ்வொன்றும் வெடித்தது. விதைக்காரர் எடை போட்டுப் பார்த்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் ஊருக்குள் முதன்முதலாக ஒரு லாரி வந்து எங்கள் வாசலில் நின்றது. அப்புறம் என்ன, தினம் ஒரு திருவிழாதான்! ஓலைக்கூரை போய் ஓடு வந்தது. ரேடியோ வந்தது. கிணற்றில் ஆயில் எஞ்சின் டுபுடுபுவென்று ஓடியது. நான் அதன் முன்னால் நின்று புகையை மோந்து மோந்து மயங்கிப்போனேன். அப்பா கைக்கடிகாரம் கட்டிக்கொண்டார், மணி கேட்காதவர்களுக்கும் மணி சொன்னார். அம்மாவுக்குக் கோயமுத்தூரில் பட்டுப்புடவை எடுத்தார். டீச்சர்கூட, "நிங்கள் ரட்சப்பெட்டல்லோ, கரையேறிட்டீங்க" என்று என் நகத்தைப் பிடித்துச் சிரித்தார். எங்கள் குடும்பம் தலையெடுத்துவிட்டது என்று ஊர் சொன்னது, நாங்களும் சொன்னோம், எல்லோரும் அதை நம்பினோம். அது பொய்யும் இல்லை.

வைகாசியில் ஒருநாள் காலை நான் எழுந்து வந்தபோது கட்டுத்தரையில் ஒரு மாட்டு வியாபாரி நின்றிருந்தார். எருமையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவிடம் ஓடினேன். "பருத்திதான் ஜெயிச்சிருச்சேங்பா!"

"அதனாலதான் கண்ணு" என்றார் அப்பா.

அவர் கொடுமைக்காரர் இல்லை. என்னை மடியில் உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னார். அடுத்த பட்டமும் தோட்டம் முழுக்கப் பருத்திதான், சோளம் கிடையாது. தட்டுப்போர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. எஞ்சின் வந்ததால் தண்ணீர் இறைக்கக் காளையும் வேண்டாமென்று அதையும் விற்றாயிற்று. வரப்புப்புல் அறுத்துப் போடலாமென்றால் பருத்திக்கு அடித்த மருந்து புல்லிலெல்லாம் படிந்திருக்கிறது, தின்றால் மாடு சாகும். பெண்டுகளுக்கும் பூவேலை வந்துவிட்டால் எருமையை யார் பார்ப்பது? "இனி நாம பாலக் காசு குடுத்து வாங்கிக்கலாம். உங்கம்மா எதுக்குச் சாணியில கெடந்து சாகோணும்?" எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. மூன்று நாளாக அம்மா இதே நியாயத்தோடு மல்லுக்கட்டித் தோற்றிருந்தாள் என்பதை அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

மாடு விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அம்மா தானே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். வியாபாரி தன் கயிற்றைப் போட்டு ஓட்டிக்கொண்டு போனார். எருமை இட்டேரி முனையில் ஒரு தடவை நின்று கத்தியது. நான் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன், அப்புறம் ஓடவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. எனக்கு இரண்டு நோட்டு வேண்டும், ஒரு பென்சில் வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படியில் தயிர்க்காசு போட்டுவைக்கும் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்வாசலுக்குப் போனாள். அங்கே அப்பா, விதைக்காரர், புதிதாகப் பருத்தி போட ஆசைப்பட்ட நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க."

"என்ன புள்ள?"

"புள்ளைக்கு நோட்டு வாங்கோணுமுங்க."

அப்பா பூரித்துப்போனார். அத்தனை பேர் பார்க்கச் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை உருவி நீட்டினார். இரண்டு நோட்டுக்கும் பென்சிலுக்கும் அது ரொம்ப அதிகம். "நல்ல நோட்டா வாங்கிக் குடு" என்றார். அம்மா வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பேச்சுவாக்கில், சிரித்தபடி, "மிச்சத்தக் கொண்டாந்து குடுத்துரு" என்றார்.

நான் கடைக்குப் போய் வாங்கிவந்தேன். மிச்சத்தை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை எண்ணினாள். ஏதோ சந்தேகம் வந்ததுபோல மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். "பென்சில் எவ்வளவுன்னு சொன்னே? கேட்டாச் சொல்லோணுமல்ல" என்றாள். நான் சொன்னேன். உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே முன்வாசலுக்குப் போனாள். அப்பா பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டி வாங்கி, பார்க்காமலேயே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.